மழை பொய்த்தால் அடி யாருக்கு?

பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய், ஆலை மூடல் என்று ஏதாவது ஒரு நெருக்கடி வந்தால், மாதர்கள் மீது நடக்கும் கொடுமை கூடுகிறதா, கூடினால் ஏன் கூடுகிறது என்பதை ஆராய்ந்து இன்று சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். இதைக் கேட்டதும் நம் தோழர்களில் சிலர் சிரிப்பார்கள். “இதற்கு ஓர் ஆராய்ச்சியா? எங்கள் தெருவில் ஒரு மாதம் குடியிருந்தால் தெரிந்துபோகுமே!” என்பார்கள்.

சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் தெருவுக்கு எல்லாம் தெரியும் என்பது சரியல்ல. தெருவுக்குத் தெரிந்தது அடி விழுகிற சத்தம் மட்டுமே. அடி ஏன் விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். “பாவம், அவனுக்கு வேலை போச்சு. கையில் காசில்லை. ஆத்திரத்தில் கையை நீட்டிவிட்டான்” என்று பதில் வரும். டீக்கடை பெஞ்சில் மட்டுமல்ல, சங்க ஆபீஸ் திண்ணையிலும் இந்தப் பதிலைக் கேட்கலாம். வறுமையின் பேரில் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். வறுமைக்குக் காரணம் முதலாளி. ஆகவே அடிக்கும் காரணம் முதலாளி. ஆகவே அடித்தவன் குற்றவாளியல்ல! கேட்பதற்குப் புரட்சிகரமாகக்கூட இருக்கிறது. ஆனால் இது தப்பான கணக்கு என்பதை இந்த ஆராய்ச்சிகளே காட்டுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரம் ஆகாது. ஆனால் ஒன்று மில் சங்கைக் கேட்டுப் பிழைக்கிற ஊர். மற்றொன்று வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற ஊர். ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய நாளிலிருந்து பஞ்சும் நூலும்தான் சோறு. பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகள் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கின்றன. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையில் மழை பெய்து, ஓடையில் தண்ணீர் வந்து, கண்மாய் நிறைந்தால்தான் நடவு உண்டு, களையெடுப்பு உண்டு, அறுப்பு உண்டு. பஞ்சு விலை ஏறினாலோ நூல் விலை சரிந்தாலோ அங்கே அடுப்பு அணைகிறது. ஐப்பசி கார்த்திகை பொய்த்தால் இங்கே அணைகிறது. அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் இரண்டு ஊரிலும் ஒருத்திதான்.

முதலில் மழையை எடுத்துக்கொள்வோம். ஷீத்தல் சேக்ரி, ஆடம் ஸ்டோரிகார்ட் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவின் 583 ஜில்லாக்களில், 2002 முதல் 2007 வரையான ஆண்டுகளில், ஒருபக்கம் மழை அளவையும் மறுபக்கம் போலீசில் பதிவான வரதட்சிணைச் சாவுகளையும் வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஜில்லாவில் ஆண்டு மழை தன் வழக்கமான அளவிலிருந்து கணக்கியலார் ‘ஒரு திட்ட விலக்கம்’ என்று சொல்லும் அளவுக்குக் குறைந்தால், அந்த ஆண்டு வரதட்சிணைச் சாவு 7.8 சதவிகிதம் கூடுகிறது என்று கண்டார்கள். மழை அதிகமாகப் பெய்த ஆண்டுகளில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை.

இதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. இங்கேதான் நம் தோழர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பஞ்ச காலத்தில் எல்லோருக்கும் புத்தி கெட்டுப்போகிறது, எல்லாக் குற்றமும் கூடுகிறது, அதில் இதுவும் ஒன்று என்று இருக்கலாமல்லவா? அதையும் சோதித்தார்கள். மற்றக் குற்றங்களின் கணக்கைப் பார்த்தபோது, பொதுவான கொந்தளிப்புதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அப்படியானால் என்ன பொருள்? தெரு சொல்லுகிற ‘ஆத்திரம்’ இதற்குக் காரணமல்ல. ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் அடிக்கிறவன் யாரையும் அடிப்பான். இங்கே ஆள் பார்த்து, வீடு பார்த்து அடி விழுகிறது. மருமகளின் உடம்பைக் கசக்கினால் சம்பந்தி வீட்டிலிருந்து பணம் வரும். விளைச்சல் போன வருஷத்தில், அடகு வைக்க நகை இல்லாத வருஷத்தில், கந்துவட்டிக்காரனும் கைவிரித்த வருஷத்தில், பெண்ணைப் பெற்றவனே கடைசி பாங்கு. அந்த பாங்கின் கதவைத் தட்டுவதற்குத் தடி வேண்டும். அந்தத் தட்டலின் வலியை அவன் மகள் தாங்குகிறாள். பணம் வராது என்று தெரிந்துவிட்டால், அவள் போய் இன்னொருத்தி வந்தால் இன்னொரு வரதட்சிணை. இது கணக்குப் பார்த்துச் செய்கிற பலவந்த வசூல். ஜமீன்தார் பஞ்சத்திலும் குத்தகையை விடாமல் வசூலித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

தமிழ்நாட்டில் வரதட்சிணைச் சாவு என்று பதிவாவது வடமாநிலங்களைப்போல அதிகம் இல்லை. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் அதைக்கொண்டு மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் தமிழ்நாட்டில் விசாரித்தபோது, மணமான மாதர்களில் நூற்றுக்கு 38 பேர் கணவன் கையால் எப்போதாவது கொடுமைப்பட்டதாகச் சொன்னார்கள். நம் பக்கத்தில் விஷயம் பெரும்பாலும் நெருப்பு வரைக்கும் போவதில்லை. “போய் உங்கப்பன்கிட்ட வாங்கிட்டு வா” என்பதோடு நிற்கிறது. வாங்காமல் திரும்பி வந்தவளுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சுவரும் பக்கத்து வீட்டாரும் அறிவார்கள். நாடு முழுவதற்குமான அதே ஆய்வு, அடிபட்ட மாதர்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் வாய் திறக்கவுமில்லை, உதவி தேடவுமில்லை என்கிறது. பக்கத்து வீட்டாரும் வாய் திறக்கவில்லை என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

ராஜபாளையம் தோழர்கள் “இது சம்சாரி வீட்டு விவகாரம், மில் தொழிலாளிக்கு மழை ஏது?” என்று கேட்கக்கூடும். மழையையும் மில்லையும் ஒரே கயிற்றில் முடிந்த கதையைத்தான் தமிழகத்து நூற்பாலைகள் வருஷக்கணக்காக நடத்திக் காட்டின. மானாவாரிப் பூமியில் மகசூல் போனதும், கிராமத்துக்குத் தரகர் வருவார். வயசுக்கு வந்த பெண்ணை மில் ஹாஸ்டலில் விட்டால் மூன்று வருஷம் கழித்து ஒரு தொகை. அதை வைத்துக் கல்யாணத்தை முடிக்கலாம் என்பார். ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்தார்கள். நோட்டீஸ் அடித்து ஆள் பிடித்தார்கள். வரதட்சிணை 1961ஆம் ஆண்டிலேயே சட்டவிரோதமாக்கப்பட்டது. அந்த வரதட்சிணையையே கூலியாகக் காட்டி, குழந்தைமை மாறாத பெண்களின் இரவு ஷிப்டுகளை மலிவாக வாங்கினார்கள்! மாதச் சம்பளமாகக் கேட்டு வாங்கவேண்டியதை முடிவில் மொத்தமாகத் தருவார்களாம். நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனவள் அதையும் இழப்பாள். பக்கத்து மிஷினில் நிரந்தரத் தொழிலாளியாக நின்ற நாம், ‘கேம்ப் கூலி’ என்று ஒரு சொல்லைச் சொல்லி அவளைத் தாண்டிப் போனோம். அப்படித் தாண்டிப்போனதன் பலனாக நிரந்தர வேலையே தேய்ந்தது என்பது வேறு கதை. அதை இன்னொரு வாரம் எழுதலாம்.

இனி கொள்ளைநோய்க் காலம். 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு, நாலு மணி நேர அவகாசத்தில், நாடு முழுவதையும் மத்திய சர்க்கார் பூட்டியது. மில் சங்கு நின்றது. பஸ் நின்றது. ஆண்களும் குழந்தைகளும் இரவும் பகலும் ஒரே அறைக்குள். மாதர்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்குப் பதினேழு ரூபாய்கூட வராது. கடன் தவணையை நிறுத்திவைக்கலாம் என்று ரிசர்வ் பாங்கு சொன்னது. ஆனால் பல ஊர்களில் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வருவது நிற்கவில்லை. அந்தக் கடன் அவள் பேரில் இருக்கிறது, செலவானது வீட்டுக்கு, வாசலில் நின்று பேச்சு வாங்குவது அவள், உள்ளே போய் அடி வாங்குவதும் அவள்.

அந்த நாட்களில் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்களின் கணக்கைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு முழுவதிலும் 2,960, 2020இல் 5,294. வீட்டுக்குள் அவன் இருக்கும்போது எப்படிப் போனில் பேசுவாள் என்பதை உணர்ந்து, ஏப்ரலில் வாட்ஸ்ஆப் எண் ஒன்றையே ஆணையம் அறிவிக்கவேண்டி வந்தது. செல்போன் இல்லாதவள், இருந்தும் அது புருஷன் பையில் இருப்பவள், ஆணையம் என்று ஒன்று டில்லியில் இருப்பதே அறியாத நாற்று நடுகிறவள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

சரவண ரவீந்திரன், மனீஷா ஷா என்ற இருவர் இந்தப் புகார்களை ஜில்லா வாரியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். சிவப்பு மண்டலம், பச்சை மண்டலம் என்று சர்க்கார் பிரித்தது நினைவிருக்கும். பூட்டு இறுக்கமாக இருந்த சிவப்பு மண்டலங்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் பச்சை மண்டலங்களைவிட அதிகமாக ஏறின. அதே சமயம் பாலியல் பலாத்காரப் புகார்கள் அங்கே குறைந்தன. தெருவில் ஆளில்லை, வேலைக்குப் போகிற பெண் இல்லை. ஆகவே வெளியே ஆபத்து குறைந்தது, உள்ளே கூடியது. பெண்ணுக்கு வீடுதான் பத்திரம் என்று சொல்லிப் பெண்ணை வீட்டுக்குள் வைக்க விரும்புகிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். இன்னும் ஒன்று: ஊரடங்கு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், மனைவியை அடிப்பது நியாயமா அநியாயமா என்பதில் ஜனங்களுக்குள்ள எண்ணத்துக்கும் இதில் முக்கியப் பங்கு இருப்பதாக அவர்கள் கண்டார்கள். பட்டினி மட்டும் அடிப்பதில்லை, தோழர்களே. அடிக்கலாம் என்ற நினைப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. பட்டினி அதற்கு ஒரு சாக்கு.

“குடிதான் காரணம்” என்பார்கள் சிலர். குடிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கூலியை வாங்கின கை வீட்டுக்கு வருமுன் காலியாகிறது என்பதை நம் சகோதரிகள் கண்ணீரோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் 2020 மார்ச் 24 முதல் மே 7 வரை டாஸ்மாக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆறு வாரத்தில்தான் புகார்கள் ஏறின. மே 7ஆம் தேதி கடை திறந்ததும் ஒரே நாளில் ஏறத்தாழ 170 கோடி ரூபாய்க்கு விற்றது. மறுநாள் சென்னை ஐகோர்ட் மூடச் சொன்னது. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கி 16ஆம் தேதி மறுபடி திறந்தது. ஏழையின் அடுப்பைப் பற்றவைக்க இத்தனை அவசரம் காட்டின சர்க்காரை நாம் பார்த்ததில்லை. நாம் சொல்ல வருவது இதுதான்: கடை திறந்திருந்தபோதும் அடித்தார்கள், பூட்டியிருந்தபோதும் அடித்தார்கள். கடையைப் பூட்டுவதற்காகப் போராடுவோம். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று உட்கார முடியாது.

நம் ஜில்லாவுக்குக் கடல் இல்லை. இருந்தாலும் 2004 டிசம்பர் 26ஆம் தேதியை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு பேரழிவு பெண்ணை எத்தனை விதமாகப் பிடுங்கும் என்பதை நாகப்பட்டினமும் கடலூரும் காட்டின. கடலூர் ஜில்லாவில் 146 ஆண்கள் இறந்தபோது 391 பெண்கள் இறந்தார்கள் என்று ஆக்ஸ்பாம் ஸ்தாபனம் அடுத்த மார்ச்சில் கணக்குச் சொன்னது. கடல் ஆள் பார்த்து அடிக்கவில்லை. பலர் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். பலர் வீட்டில் குழந்தைகளோடு இருந்தார்கள். நீச்சல் யாரும் சொல்லித்தரவில்லை. ஓடும்போது சேலை காலைத் தடுக்கியது. குழந்தையை விட்டுவிட்டு ஓட மனமில்லை. இது சாவின் கணக்கு. பிழைத்தவர்கள் கணக்கு வேறு. மனைவியை இழந்தவர்களுக்கு இளம் பெண்களைக் கட்டிவைத்தார்கள். குழந்தைகளை இழந்த தாய்மார்களுக்குக் கருத்தடையை நீக்கும் ஆபரேஷனுக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. பெற விரும்பியவளுக்கு அது ஆறுதல், ஆனால் ‘வாரிசு வேண்டும்’ என்ற நெருக்கடிக்கு ஆளானவளும் அந்தக் கட்டிலில்தான் படுத்தாள். சென்னைக்கு அருகே எர்ணாவூர் முகாமில் மாதர்கள் சிறுநீரகத்தை விற்றார்கள் என்ற செய்தி 2007இல் வெளிவந்தது. கடன் தீரவில்லை, தொழில் இல்லை, முகாமை விட்டுப்போக வீடில்லை. புருஷன் உழைக்கவேண்டியவன், ஆகவே அவன் உடம்பைத் தொடக்கூடாது; அறுப்பதற்கு அவள் உடம்பு இருக்கிறதே!

மழை, மில், நோய், கடல் என்று காரணம் மாறுகிறது. நஷ்டம் கடைசியாக வந்து இறங்குகிற இடம் மாறுவதில்லை. முதலாளி தன் நஷ்டத்தை லே-ஆப் என்று தொழிலாளி தலையில் இறக்குகிறான். நிலக்காரர் கூலிக் குறைப்பாக இறக்குகிறார். அதை வாங்கின தொழிலாளி வீட்டுக்கு வந்து யார் தலையில் இறக்குகிறான்? சொந்தக் கூலி இல்லாதவள், பட்டா இல்லாதவள், போக இடமில்லாதவள் தலையில். குடும்பத்துக்குள்ளும் வர்க்க உறவின் சாயல் உண்டு என்று எங்கெல்ஸ் 1884இலேயே விளக்கினார். அதை நாம் படிப்பு வட்டத்தில் படித்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

நெருக்கடிக் காலத்தில் மாதர்களைக் காப்பது நமக்குப் புது வேலையும் அல்ல. 1943இல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேரைப் பஞ்சம் விழுங்கியபோது, கம்யூனிஸ்ட் மாதர்கள் முன்னின்று நடத்திய மகிளா ஆத்மரக்ஷா சமிதி, கஞ்சித்தொட்டி நடத்தியதோடு நிற்கவில்லை. பசிக்காக விற்கப்பட்ட, விலைமாதர் வீடுகளில் தள்ளப்பட்ட பெண்களை மீட்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. மணிகுந்தலா சென், ரேணு சக்ரவர்த்தி போன்றவர்கள் அங்கே வளர்ந்தவர்கள். அரிசி கேட்டுச் சட்டசபைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்வலம் போனார்கள். அரிசிப் பிரச்னை வேறு, பெண் பிரச்னை வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நாம் பிரித்துப் பார்க்கிறோம். வேலைநிறுத்தம் என்றால் அதுவும் வீட்டுக்குள் ஒரு நெருக்கடி. சங்கம் அரிசி கொடுக்கிறது. யார் கையில் கொடுக்கிறது? ஆண் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகிறான். அது அடுப்புக்கு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. வரிசையில் கொடிபிடித்த தோழர் ராத்திரி மனைவியை அடித்தார் என்ற செய்தி வந்தால், “குடும்ப விஷயம், நாம் தலையிடக்கூடாது” என்கிறோம். முதலாளி தொழிலாளியை அடித்தால் அதுவும் ‘மில் விஷயம்’தான், வெளியார் தலையிடக்கூடாது என்று அவன் சொன்னான். நாம் ஒத்துக்கொண்டோமா? மனைவியை அடிப்பவன் சங்கப் பொறுப்பில் இருக்கத் தகுதியற்றவன் என்று நாம் தீர்மானம் போட வேண்டும். சில ஓட்டுகள் போகும். போகட்டும்.

சர்க்காரிடம் கேட்கவேண்டியதும் இருக்கிறது. வறட்சி நிவாரணமோ வெள்ள நிவாரணமோ வீட்டுப் பெண் கையில் நேராகக் கொடுக்கவேண்டும். வீட்டுமனைப் பட்டாவில் அவள் பெயர் இருக்கவேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நூறு நாள் வேலையில் தமிழகத்தில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்களே வேலை பார்த்தார்கள். தன் பேரில் வருகிற அந்தக் கூலிதான், “போ வெளியே” என்று சொன்னவனைப் பார்த்து “நான் ஏன் போகவேண்டும்?” என்று பல பெண்களைக் கேட்கவைத்தது. ஆகவே கிராம வேலையின் நாளை வெட்டுவதும், கூலியை மாதக்கணக்கில் இழுப்பதும் வெறும் பட்ஜெட் விவகாரம் அல்ல. நேராக அவள் முதுகில் விழுகிற அடி.

கையிலிருக்கிற சட்டத்தையாவது தெரிந்துகொள்வோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி, வீடு யார் பேரில் இருந்தாலும், குடியிருந்த வீட்டிலிருந்து அவளைத் துரத்த முடியாது. ஜில்லாவுக்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு. சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம். மனு கொடுத்தால் மாஜிஸ்திரேட் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்கவேண்டும், அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அனைத்து மகளிர் போலீஸ் நிலையம் இருக்கிறது. மகளிர் கோர்ட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஆடிப்பூரத்தன்று ஒரு பெண்ணைத் தேரில் வைத்து ஊரே இழுக்கும் அந்த ஊரில், மற்ற நாட்களில் கோர்ட் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கிறவளை நாம் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவளுக்கு அன்றைய கூலி போகிறது, பஸ் செலவு ஆகிறது, வாய்தா வாங்கித் திரும்புகிறாள். அவளோடு போய் நிற்க ஒரு தோழியாவது வேண்டும். அந்த ஒரு நாள் கூலியைச் சங்கம் கொடுத்தால் சங்கம் ஒன்றும் ஏழையாகிவிடாது.

அடுத்த மழைக்காலம் வருமுன் நம் கிளைகள் நிவாரணக் கமிட்டி போடுவது வழக்கம். இந்தத் தடவை கமிட்டியில் பாதிப்பேர் மாதர்களாக இருக்கட்டும்; அரிசி, பணம் எதுவானாலும் அவர்கள் கையால் வினியோகம் ஆகட்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, மில் கேட்டிலும், பால் சொசைட்டி வாசலிலும், ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டவேண்டும். மில் ஹாஸ்டல் கேட்டில் ஒட்ட விடமாட்டார்கள். அங்கே ஷிப்டு மாறும் நேரத்தில் நம் சகோதரிகள் இரண்டு பேர் நின்று, வெளியே வருகிற பெண்களுக்கு வாயால் சொல்லவேண்டும்.